பாஸ்புக்கில் ஒரு புரியாத வரி

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் வங்கிக் கணக்கு இல்லாத வீடு இன்று அரிது. ஆன்லைன் கடைகளால் வந்த பழக்கம் அல்ல அது, அரசாங்கம் பழக்கியது. ரேஷன் அரிசிக்குப் பதிலாகப் பல ஆண்டுகள் பணம்தான் கணக்கில் ஏறியது. 2024 தீபாவளியை ஒட்டிக் கடைகள் மறுபடி திறந்து அரிசி போடும்வரை அதுதான் நடைமுறை. முதியோர் உதவித்தொகை, நூறு நாள் வேலைக் கூலி, குடும்பத் தலைவிக்கான மாதத் தொகை எல்லாம் கணக்கில்தான் விழுகின்றன. எப்போதாவது கிளைக்குப் போய் பாஸ்புக்கை எந்திரத்தில் செருகி அச்சடித்து வாங்கும்போது, 'பணம் ஏறிடுச்சா' என்று வரவுப் பக்கத்தைத்தான் கண் தேடும். பற்றுப் பக்கத்தை யாரும் படிப்பதில்லை. என்றைக்காவது படிக்கும்போது அங்கே 499 ரூபாய் போயிருக்கும். எதிரே ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட கோவை ஒன்று. "இது என்னா சார், நான் ஒண்ணுமே வாங்கலையே" என்று கவுண்டரில் கேட்டால், "ஆன்லைன்ல ஏதோ வாங்கியிருக்கீங்கம்மா, வூட்டுல பசங்களக் கேளுங்க" என்ற பதில் தயாராக இருக்கும்.

அந்தப் பதில் பல நேரம் சரியாகவே இருந்துவிடுகிறது. சரியாக இல்லாத நேரத்தில்தான் ஒரு குடும்பத்தின் மாதப் பணம் போய்விடுகிறது. இரண்டையும் பிரித்தறிவது எப்படி, பிரித்தறிந்தபின் எந்தக் கதவைத் தட்டுவது, அந்தப் பொறுப்பு யாருடையது என்பவையே இக்கட்டுரையின் கேள்விகள். கடைசிக் கேள்விக்கு என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வரியைப் புரியாதபடி அச்சடிப்பது வங்கி, புரியாமல் போனதற்கான நஷ்டம் மட்டும் வாடிக்கையாளருக்கு. இந்தக் கணக்கு நேராகாதவரை மற்ற எச்சரிக்கைகள் எல்லாம் அரைகுறைதான்.

முதலில் அந்த வரியைப் பார்ப்போம். யுபிஐ மூலம் போன பணம் என்றால் 'யுபிஐ' என்ற சொல், பற்று என்பதைக் குறிக்கும் 'டிஆர்', பன்னிரண்டு இலக்க எண் ஒன்று, பெற்றவரின் பெயர், அவருடைய வங்கியின் சுருக்கம், யுபிஐ முகவரி என்று சாய்கோடுகளுக்கு நடுவில் வரிசையாக இருக்கும். வங்கிக்கு வங்கி வரிசை மாறும். இடம் போதாமல் பெயர் பாதியில் வெட்டுப்பட்டும் நிற்கும். இதில் உயிரான பகுதி பன்னிரண்டு இலக்க எண்தான். போன்பே, கூகுள் பே போன்ற செயலியின் பழைய பரிவர்த்தனைப் பட்டியலிலும் அதே எண் இருக்கும். இரண்டும் ஒத்துப்போனால் அந்தப் பணம் உங்கள் போனிலிருந்தே போயிருக்கிறது. கார்டு வழியாகப் போயிருந்தால் கடைப் பெயருக்கு முன்னால், பணத்தை வாங்கிக் கொடுக்கும் இடைநிறுவனத்தின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும்: ரேசர்பே, பேயு, பில்டெஸ்க், கேஷ்ஃப்ரீ. இவை கடைகள் அல்ல, கல்லாப்பெட்டிகள். உள்ளே எந்தக் கடை என்பது அடுத்த சில எழுத்துகளில் இருக்கும், வெட்டுப்படாமல் இருந்தால்.

பெயர் மாறாட்டம்தான் பெரிய தலைவலி. கடைக்கு மக்கள் அறிந்த பெயர் ஒன்று, கம்பெனிப் பதிவில் இருக்கும் பெயர் வேறு. கிராமத்துப் பெண்கள் அதிகம் புடவை, நைட்டி வாங்கும் மீஷோவின் கம்பெனிப் பெயர் நீண்ட காலம் ஃபேஷ்நியர் டெக்னாலஜிஸ். ஸ்விகி சாப்பாட்டுக்குக் கொடுத்த பணம் பண்டில் டெக்னாலஜிஸ் என்று வந்திருக்கும். நைக்கா என்றால் எஃப்எஸ்என், பேடிஎம் என்றால் ஒன்97 கம்யூனிகேஷன்ஸ், அமேசான் என்றால் சில இடங்களில் ஏஎஸ்எஸ்பிஎல் என்ற சுருக்கம் மட்டும். பார்சல் கொண்டுவரும் பையனிடமே கியூஆர் காட்டச் சொல்லிப் பணம் கட்டினால் குழப்பம் இன்னும் கூடும். ஃப்ளிப்கார்ட்டில் வாங்கியவருக்கு இன்ஸ்டாகார்ட் என்ற பெயர் வரலாம், அது ஈகார்ட் கூரியரின் கம்பெனி. வேறொரு பார்சலுக்கு டெல்லிவரி என்று வரும். அதுவும் கூரியர் கம்பெனியின் பெயர்தான். ஆகவே பெயர் தெரியவில்லை என்ற ஒரே காரணத்துக்காகத் திருட்டு என்று முடிவுகட்ட முடியாது. தொகையையும் தேதியையும் எடுத்துக்கொண்டு, வீட்டில் அந்த வாரம் என்ன பார்சல் வந்தது என்று கேட்பது முதல் வேலை. கவுண்டரில் சொன்ன 'பசங்களக் கேளுங்க' என்பதில் இந்த அளவுக்கு நியாயம் உண்டு. அம்மாவின் சிம், மகனின் போன், அக்காவின் கார்டு என்று ஒன்றுக்குள் ஒன்றாகக் கலந்திருக்கும் வீடுகளில் ஒரு விளையாட்டுச் செயலிக்குப் போன பணம் மூன்று மாதம் கழித்துத்தான் வெளிச்சத்துக்கு வரும். அவசரப்பட்டு 'நான் செய்யவே இல்லை' என்று எழுதிக்கொடுத்துவிட்டால் கார்டு முடங்கும். பிறகு உண்மை தெரிந்தாலும் அடுத்த புகாரை யாரும் காதுகொடுத்துக் கேட்கமாட்டார்கள்.

பெயர் புரியாவிட்டாலும் வீட்டார் வாங்கியதே என்பது முதல் வகை. இரண்டாவது வகை, தெரியாமல் தலையாட்டியது. இதில் ஆன்லைன் கடைக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும், ஏனென்றால் கிராமத்தில் 'யாரோ எடுத்துட்டாங்க' என்று வரும் புகார்களில் அதுவும் இருக்கிறது. ஒவ்வொரு மே மாதக் கடைசியிலும் கணக்கிலிருந்து 20 ரூபாயோ 436 ரூபாயோ கழியும். முன்னது பிரதமர் விபத்துக் காப்பீடு, பின்னது ஆயுள் காப்பீடு. 2022 ஜூனுக்கு முன் இவை 12 ரூபாயும் 330 ரூபாயுமாக இருந்தன. கணக்குத் தொடங்கிய நாளில் நீட்டிய பல தாள்களில் ஒன்றில் போட்ட கையெழுத்து ஆண்டுதோறும் பணம் எடுக்கிறது. வேண்டாம் என்றால் கிளையில் எழுதிக்கொடுத்து நிறுத்தலாம். ஆனால் திருட்டு என்று நினைத்து நிறுத்திவிட்டு, பிறகு வீட்டில் ஒரு சாவு நேர்ந்தால் இரண்டு லட்சம் கைநழுவும். நிறுத்துவதற்கு முன் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

ஆன்லைனில் இதற்கு இணையானது சந்தா. ஒரு ரூபாய்க்கோ இரண்டு ரூபாய்க்கோ ஒரு வாரம் பார்க்கலாம் என்று தொடங்கும். யுபிஐ பின் நம்பரை ஒருமுறை போடுவோம். அது ஒரு ரூபாய்க்கான அனுமதி மட்டுமல்ல, இனிமேல் மாதாமாதம் எடுத்துக்கொள் என்ற நிரந்தர உத்தரவும்கூட. யுபிஐ ஆட்டோபே 2020-இல் வந்தது. கார்டுகளில் தொடர் பிடித்தத்துக்கான ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாடு 2021 அக்டோபர் 1 முதல் முழுமையாக நடப்புக்கு வந்தது. அதன்படி பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பு தகவல் வர வேண்டும். அப்போதே வேண்டாம் என்று சொல்லும் வழியும் இருக்க வேண்டும். ஆனால் 15,000 ரூபாய் வரையிலான தொகைக்கு மறுபடி ஓடிபியோ பின்னோ தேவையில்லை. அந்த முன்தகவல் ஆங்கிலத்தில் வருகிறது; பத்து விளம்பரச் செய்திகளுக்கு நடுவில் வருகிறது. இந்த வகையில் வங்கியிடம் சண்டை போட்டுப் பயனில்லை. செயலியில் ஆட்டோபே பக்கத்தைத் திறந்து உத்தரவை ரத்து செய்வதுதான் முதல் வேலை. ஏமாற்றித் தலையாட்ட வைத்தார்கள் என்றால் அது நுகர்வோர் வழக்கு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று தடைசெய்த 13 ஏமாற்று உத்திகளில் சந்தாப் பொறியும், கேட்காத பொருளைக் கூடையில் நுழைத்துவிடுவதும் உண்டு. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இதற்கானது.

மூன்றாவது வகை உண்மையான திருட்டு. இதற்கு வாடிக்கையாளர் எந்தத் தப்பும் செய்திருக்க வேண்டியதில்லை. 2016 அக்டோபரில் நாட்டில் சுமார் 32 லட்சம் டெபிட் கார்டுகளின் தகவல் கசிந்திருக்கலாம் என்று வங்கிகள் அவற்றை முடக்கின. கசிவு நடந்தது ஏடிஎம் சேவை நடத்திய ஒரு நிறுவனத்தின் கணினியில். 2018-இல் புதுச்சேரியிலேயே ஒரு போலி அட்டைக் கும்பல் பிடிபட்டு, வழக்கைச் சிபிசிஐடி விசாரித்தது. திருடிய தகவலைக் கொண்டு அட்டை தயாரித்து, கடைகளில் உள்ள ஸ்வைப் மெஷினில் தேய்த்து, விற்பனை நடந்ததுபோல் காட்டிப் பணம் எடுத்தார்கள் என்பது அதில் எழுந்த குற்றச்சாட்டு. அப்படிப்பட்ட நேரத்தில் அட்டைக்காரரின் கணக்கில் தெரிவது, அவர் கால்வைக்காத ஒரு கடையில் அவர் வாங்காத பொருளுக்கான ரசீது. சிப் வைத்த அட்டைகள் வந்தபின் இந்த வழி பெரும்பாலும் அடைபட்டது. திறந்தே கிடந்த இன்னொரு வாசல் வெளிநாட்டு இணையக் கடைகள். இந்தியக் கடைக்குப் பொதுவாக ஓடிபி போன்ற இரண்டாவது சரிபார்ப்பு கட்டாயம். வெளிநாட்டுக் கடை பலவற்றில் அட்டை எண்ணும் பின்புறத்து மூன்று இலக்கமும் போதும். இதனால்தான் புது அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாடும் ஆன்லைன் பயன்பாடும் மூடியே இருக்க வேண்டும், வேண்டியவர் திறந்துகொள்ளட்டும் என்று 2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி சொன்னது. உங்கள் அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாடு திறந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. இந்த ஊர்களில் பாஸ்போர்ட் எடுத்து பிரான்சுக்குப் போய்வரும் குடும்பங்களைத் தவிர மற்றவர்களுக்கு அது தேவைப்படாது.

இனி சட்டம். இதற்கு அடிப்படை 2017 ஜூலை 6 தேதியிட்ட ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கை. கிராம வங்கிகளுக்கும் அது பொருந்தும். கூட்டுறவு வங்கிகளுக்கு அதே ஆண்டு டிசம்பர் 14 அன்று தனியாக வந்தது. வங்கியின் குறையால் பணம் போயிருந்தால் நீங்கள் எப்போது சொன்னாலும் உங்களுக்கு நஷ்டம் இல்லை. வங்கி மீதும் தப்பில்லை, உங்கள் மீதும் தப்பில்லை, நடுவில் எங்கோ கசிந்தது என்றால், வங்கியிடமிருந்து தகவல் கிடைத்து மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் முழுப் பணமும் திரும்ப வேண்டும். நான்கு முதல் ஏழு வேலை நாள் வரை என்றால் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் உங்கள் நஷ்டத்துக்கு ஓர் உச்சவரம்பு: ஜன்தன் போன்ற அடிப்படைக் கணக்குக்கு 5,000 ரூபாய், சாதாரணச் சேமிப்புக் கணக்குக்கு 10,000. ஏழு நாளும் தாண்டினால் அந்தந்த வங்கியின் கொள்கை என்ன சொல்கிறதோ அது. ஓடிபியை நீங்களே சொல்லிவிட்டீர்கள் என்றால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போனதெல்லாம் உங்களுடையது. தெரிவித்தபின் போனது வங்கியுடையது. சொன்ன பத்து வேலை நாளில் வங்கி அந்தத் தொகையைக் கணக்கில் நிழல் வரவாக வைக்க வேண்டும், 90 நாளில் முடிவு சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் மீதுதான் தப்பு என்று நிரூபிக்கும் சுமையும் வங்கியின் தலையில்தான்.

இதில் கிராமத்துக்காரர் கவனிக்க வேண்டிய இரண்டு நுணுக்கங்கள் உண்டு. மூன்று நாள் கணக்கு பணம் போன நாளிலிருந்து தொடங்குவதில்லை, வங்கியின் தகவல் கிடைத்ததிலிருந்து தொடங்குகிறது. தகவல் கிடைத்த நாளும் சேராது. இன்னொன்று, வேலை நாள் என்பது கணக்கு இருக்கும் கிளையின் வேலை நாள். நவம்பர் 1 விடுதலை நாள், ஆகஸ்ட் 16 சட்டப்பூர்வ இணைப்பு நாள் போன்ற புதுவைக்கே உரிய விடுமுறைகளில் அந்தக் கிளை மூடியிருந்தால் அந்த நாள் கணக்கில் வராது. பாகூர் பக்கத்தில் பலருக்குக் கணக்கு கடலூர்க் கிளையில் இருக்கும். அவர்களுக்குத் தமிழ்நாட்டு விடுமுறைதான் பொருந்தும். சின்ன விஷயம்தான், ஆனால் ஐந்தாவது நாளா மூன்றாவது நாளா என்று வங்கியோடு வாதாடும்போது அது சின்ன விஷயமாக இருக்காது.

இந்தச் சுற்றறிக்கை வெறும் தாளல்ல என்று காட்டிய வழக்கு ஆன்லைன் சட்டைத்துணியில்தான் தொடங்கியது. அசாமைச் சேர்ந்த ஒருவர் இணையத்தில் ஒரு கோட்டு வாங்கி, அதைத் திருப்பி அனுப்ப நினைத்தார். 2021 அக்டோபரில் அந்தத் துணிக் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவை என்று ஒரு போன் வந்தது. அவர்கள் சொன்னபடி ஒரு செயலியை இறக்கினார். 94,204 ரூபாய் 80 காசு போனது. கம்பெனியின் இணையதளத்திலிருந்து தகவல் கசிந்திருந்தது. அவர் 24 மணி நேரத்துக்குள் ஸ்டேட் வங்கியிடம் புகார் சொன்னார். ஓடிபி உங்களிடமிருந்துதான் போனது என்று வங்கி கைவிரித்தது. கவுஹாத்தி உயர் நீதிமன்றம் இருமுறை அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரி 3 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு அதை உறுதிசெய்தது. ஓடிபியை யாரிடமும் தராமல் விழிப்பாக இருக்க வேண்டியது வாடிக்கையாளரின் கடமை என்றும் அதே அமர்வு சொல்லிவைத்தது. அந்த வழக்கில் அவரைக் காப்பாற்றியது 24 மணி நேரம்தான் என்பது என் வாசிப்பு. வங்கியின் எஸ்எம்எஸ்ஸுக்குப் பதில் சொல்லவில்லை என்ற காரணத்தை மட்டும் காட்டி வங்கி தப்பிக்க முடியாது என்று 2019-இல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னதையும் இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும். எஸ்எம்எஸ் பார்க்கத் தெரியாத ஒரு பாட்டிக்கு அது பெரிய துணை.

ஆனால் இதே ரிசர்வ் வங்கி, இந்தச் சுற்றறிக்கைக்கு இரண்டு வாரம் முன்பு, 2017 ஜூன் 22 அன்று இன்னொன்றையும் அனுப்பியது. பாஸ்புக்கிலும் கணக்கு அறிக்கையிலும் புரியாத பதிவுகள் கூடாது. யாருக்குப் போனது, எந்த வழியில் போனது, என்ன கட்டணம் என்பது தெரியும்படி எழுத வேண்டும் என்பது அதன் சாரம். இரண்டும் ஒரே கோடையில் பிறந்தவை. மூன்று நாள் விதி ஒவ்வொரு கவுண்டரிலும் மனப்பாடமாக இருக்கிறது. புரியும்படி எழுது என்ற விதியோ எந்தப் பாஸ்புக்கிலும் தென்படவில்லை. மூன்று நாள் கெடு என்பது, வரியைப் படித்தால் புரியும் என்ற நம்பிக்கையில் வகுத்தது. புரியாத வரியை நீட்டிவிட்டு, ஏன் மூன்று நாளில் வரவில்லை என்று கேட்பது எந்த ஊர் நியாயம்? கடையின் அறிந்த பெயரைத் தமிழில் அச்சடிப்பதற்கு விண்வெளித் தொழில்நுட்பம் தேவையில்லை. ஏடிஎம் எந்திரம் தமிழ் பேசத் தொடங்கி எத்தனையோ காலம் ஆகிறது.

புகார் சொல்லும்போது எந்த வாசகத்தைச் சொல்கிறோம் என்பதில்தான் பாதி முடிவு இருக்கிறது. 'நான் செய்யவில்லை' என்பது ஒரு வழக்கு. 'நான்தான் செய்தேன், பொருள் வரவில்லை' என்பது வேறு வழக்கு. இரண்டாவதில் மேலே சொன்ன மூன்று நாள் விதிக்கு வேலை இல்லை. முதலில் கடையின் குறைதீர் அலுவலரிடம் போக வேண்டும். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள்படி அவர் 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். தீரவில்லை என்றால், கார்டில் கட்டியவர் தன் வங்கியிடம் சார்ஜ்பேக் கேட்கலாம். உங்கள் வங்கி கடையின் வங்கியிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கும். கடை பொருள் கொடுத்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். வீசா, மாஸ்டர்கார்டு விதிகளில் இதற்குப் பொதுவாக 120 நாள் வரை இடம் உண்டு. கடையில் பணம் கட்டும்போது பாதியில் அறுந்து, கணக்கில் மட்டும் கழிந்துவிட்டது என்றால் அது மூன்றாவது வழக்கு. பரிவர்த்தனை நாளைக் கழித்து ஐந்து நாளில் தானே திரும்பிவர வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் சேர்த்துத் தர வேண்டும் என்பது 2019 செப்டம்பர் 20-இன் உத்தரவு. கேட்டால்தான் அந்த நூறு ரூபாயைப் பற்றிப் பேசவே தொடங்குவார்கள்.

பணம் திரும்ப வர வேண்டிய அந்த இடைவெளியில்தான் இரண்டாவது திருட்டு நடக்கிறது. கடையின் உதவி எண்ணை இணையத்தில் தேடினால் முதலில் வருவது பல நேரம் மோசடிக்காரனின் எண். 'ரீஃபண்டு அனுப்புறோம்மா, பின் நம்பர மட்டும் போடுங்க' என்பான். பணம் வாங்குவதற்கு யுபிஐயில் பின் போட வேண்டிய அவசியமே இல்லை. அசாம் வழக்கும் இப்படித் திருப்பி அனுப்பும் பொருளில் தொடங்கியதுதான். உதவி எண்ணைச் செயலிக்குள்ளே மட்டும் தேடுங்கள்.

உண்மையான திருட்டு என்றால் முதல் அழைப்பு 1930-க்கு. போன பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் அதை நடுவழியில் நிறுத்திவைக்க இதுவே வழி. நின்ற பணம் பிறகு உரிய நடைமுறைப்படி திரும்பும். அடுத்தது வங்கியின் அட்டை முடக்கும் எண். அதன் பிறகு தேசிய சைபர் குற்ற இணையதளத்தில் பதிவு. அங்கே மாநிலம் என்ற இடத்தில் புதுச்சேரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வில்லியனூர், பாகூர் ஊர்களோ விழுப்புரம், கடலூர் மாவட்டக் கிராமங்களோடு பின்னிக் கிடப்பவை. ஒரு தெருவைத் தாண்டினால் வேறு மாநிலம். பாகூரின் பின்கோடே கடலூர்ப் பக்கத்து 607-இல் தொடங்குகிறது. 'இது எங்க எல்லை இல்ல, அங்க போங்க' என்று காவல் நிலையத்தில் சொன்னால் திரும்பி வரத் தேவையில்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவு, எந்தப் பகுதியில் நடந்த குற்றமானாலும் புகாரைப் பதிவுசெய்யச் சொல்கிறது.

போனில் சொன்னதோடு நிற்கக்கூடாது. கிளைக்கு ஒரு கடிதம் வேண்டும். தமிழில் எழுதினால் போதும். கணக்கு எண், தேதி, தொகை, பன்னிரண்டு இலக்க எண், 'இந்தப் பரிவர்த்தனையை நானோ என் வீட்டாரோ செய்யவில்லை. ஓடிபியோ பின்னோ யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு வங்கியின் தகவல் கிடைத்தது இந்தத் தேதியில். 1930-இல் பதிவான எண் இது. 6-7-2017 சுற்றறிக்கைப்படி தொகையைத் திரும்ப வரவு வைக்கக் கோருகிறேன்' என்பன அதில் இருக்க வேண்டும். எது உண்மையோ அதை மட்டும் எழுதவும். ஓடிபி சொல்லியிருந்தால் சொன்னதாகவே எழுதி, எப்படி ஏமாற்றினார்கள் என்பதையும் எழுதலாம். பொய் ஒரு இடத்தில் மாட்டினால் மொத்தக் கடிதமும் விழும். கிரெடிட் கார்டாக இருந்தால் ஒரு வாக்கியம் கூடுதல்: தகராறில் உள்ள தொகைக்கு முடிவு வரும்வரை வட்டியோ அபராதமோ போடக்கூடாது. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் கிளையின் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும். மேலாளர் இல்லை, நாளைக்கு வாங்க என்றால் அன்றைக்கே ஸ்பீடு போஸ்டில், பெற்றதற்கான ஒப்புதலோடு அனுப்பிவிடலாம். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ தந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 2021 நவம்பர் 12 முதல் நாடு முழுவதற்கும் ஒரே ஏற்பாடு. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், இணையத்திலோ சண்டிகரிலுள்ள மையத்துக்குத் தபாலிலோ அனுப்பலாம். 14448-இல் விவரம் கேட்கலாம். வங்கியிடம் முதலில் சொல்லாமல் அங்கே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவர்கள் கேட்கும் முதல் ஆதாரம் முத்திரை விழுந்த அந்தப் பிரதிதான். 30 நாளை எண்ணுவதும் அந்தத் தேதியிலிருந்துதான்.